வைசிமாவின் மணல்

ஆனுவேலாத் தீவுக்குக் கப்பலில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது எங்கள் கோவில்தான். தென்னைகளுக்கு மேலே அந்த வெள்ளைக் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் படம் எடுப்பார்கள். இறங்கி வந்து, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். காவல் இல்லை, கதவும் இல்லை. கதவுகளைக் கழற்றிக்கொண்டுபோய்த் துறைமுகக் கிடங்குக்கு மாட்டிவிட்டார்கள். உள்ளே பன்றிகள் படுத்திருக்கும். எங்கள் மோர்மன் சபையின் கோவிலுக்குள் மனிதன் நுழைய வேண்டுமானால் பிஷப்பின் எதிரில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாராயம், சிகரெட், காப்பி, டீ எதையும் தொடக்கூடாது. பன்றிகளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

அது கோவிலே இல்லை என்றும் சொல்லலாம். பிரதிஷ்டை ஆகாதவரை எதுவும் கோவில் இல்லை, வெறும் கட்டடம். எங்கள் நாட்டுக் கோவிலின் வரலாறு இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். என் வரலாறு அப்படி முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடுவதற்கு எங்களுக்குச் சபைக் கூடம் இருக்கிறது. கோவில் அதற்கில்லை. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரையும் சாவுக்கு அப்பாலும் பிரியாதபடி பிணைக்கிற இடம் அது. மற்ற சபைகளில் சாவு பிரிக்கும்வரை என்று சொல்லிக் கட்டிவைக்கிறார்கள் அல்லவா, எங்கள் கணக்கில் அது பாதிக் கல்யாணம். கலோலைனே என்கிற எனக்கும் லிசியாட்டேவுக்கும் நடந்தது அந்தப் பாதிதான். மீதிப் பாதிக்குக் கடல் தாண்டி நியூசிலாந்துக் கோவிலுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தீவுக்குப் போகவே வக்கில்லை.

லிசியாட்டேவை நான் கட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் எதிர்த்தீவுக்காரன். இன்ன சனிக்கிழமை பெண் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அன்றைக்கு என்று பார்த்துப் புயல். படகு எதுவும் கிளம்பாது, வரமாட்டான் என்று அம்மா விருந்துக்காக வெட்டிய குழியடுப்பை மண் தள்ளி மூடிவிட்டாள். சாயங்காலம் முழங்கால் சிராய்ந்து, உதடு வெளுத்து, கையில் ஒரு கிழங்குக் கட்டோடு வந்து நின்றான். படகை எங்கேயோ பாறையில் உடைத்துக்கொண்டு மீதி தூரத்தை நீந்தி வந்திருக்கிறான்.

"பைத்தியமா உனக்கு? அடுத்த வாரம் வந்தா நான் ஓடியா போயிடுவேன்?" என்றேன்.

"இந்த வாரம்னு சொன்னேன்ல" என்றான். அவ்வளவுதான் பேச்சு. சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

எங்கள் மகள் வைசிமா. நாலு வயதில் காய்ச்சல் வந்து, கடல் கொந்தளித்துக் கொண்டிருந்த வாரத்தில், ஆஸ்பத்திரிப் படகுக்குக் காத்திருந்தபோதே போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அவளைப் புதைத்த மேட்டின்மேல் கடற்கரை வெள்ளை மணலைக் கொட்டி, சுற்றிலும் சிப்பி பதித்தோம். மழையில் மணல் கறுத்துப் போகும். சனிக்கிழமைதோறும் புது மணல் சுமந்துவந்து கொட்டுவது லிசியாட்டேதான். என்னைத் தொடவிடமாட்டான்.

சின்னப் பிள்ளைகள் செத்தால் நேரே தேவனிடம் போய்விடுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம் என்று பிஷப் வூனிபோலா ஆறுதல் சொன்னார். லிசியாட்டே தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டான்.

"போயிட்டா சரி. அங்க யாரு பிள்ளைன்னு இருப்பா?"

"நம்ம பிள்ளைதான்."

"நாமளே இன்னும் கட்டு விழாத ஆளுங்க. நமக்குள்ள முடிச்சு விழுந்தாத்தானே அதுல அவளைக் கட்ட முடியும்? அதுவரைக்கும் அவ அங்க யார் மடியில போய் உக்காருவா, கலோ?"

அன்றைக்கே சிகரெட்டை விட்டான். பதினான்கு வயதிலிருந்து ஊதிக்கொண்டிருந்தவன். நான் பாய் முடைந்தேன், அவன் பன்றி வளர்த்தான். நியூசிலாந்துக்கு இரண்டு பேர் போய்வரக் கப்பல் செலவு கிட்டத்தட்டத் தேறிய சமயத்தில், ஆனுவேலாவிலேயே ஒரு கோவில் கட்டப்படும் என்று மேலிடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சபைக் கூடத்தில் ஆண்களெல்லாம் சிறுபிள்ளைகள் மாதிரி அழுதார்கள். லிசியாட்டே எழுந்துபோய் எங்கள் கப்பல் செலவைக் கோவில் நிதியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன்.

"நம்ம வாசலுக்கே கோவில் வருது. இன்னொருத்தன் வாசலுக்கு எதுக்குப் போகணும்? என் கையால கட்டி, அதுக்குள்ளயே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

நானும் அதில் மயங்கித்தான் போனேன். யார் மயங்கமாட்டார்கள்?

கட்டட மேற்பார்வைக்கு அமெரிக்காவிலிருந்து எல்ட்ரெட்ஜ் என்று ஒருவர் வந்தார். எப்போது பார்த்தாலும் கையில் மட்டம் பார்க்கிற ரசமட்டம் வைத்திருப்பார். சாப்பாட்டு மேசையைக்கூட ரசமட்டம் வைத்துப் பார்த்தார் என்று ஊரில் பேச்சு. அதனால் அவருக்கு ரசமட்டம் என்றே பேர் நிலைத்துவிட்டது. நல்ல மனிதர். எங்கள் ஆண்கள் சம்பளம் இல்லாமல் ஊழியமாக வேலை செய்தார்கள். ஊர் ஊராக முறை வைத்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டோம். லிசியாட்டே காங்கிரீட் கலவைக் கோஷ்டியில் இருந்தான். கற்றுக்கொள்வதில் கெட்டிக்காரன், கொஞ்ச நாளிலேயே கலவையை விரலில் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

ரசமட்டத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. கடற்கரை மணல் ஒரு கைப்பிடி கூட வரக்கூடாது. ஆறு ஓடுகிற நாட்டிலிருந்து மணல் கப்பலில் வந்தது. சுற்றிலும் மணலாகக் கிடக்கிற தீவுக்கு மணலை இறக்குமதி செய்கிறார்களே என்று நாங்கள் சிரிப்பாகச் சிரித்தோம். உப்பு காங்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பியைத் தின்றுவிடும் என்று அவர் விளக்கினார். கேட்டுக்கொண்டோம். புரிந்துமிருந்தது. ஆனால் புரிவது வேறு, நம்புவது வேறு.

அஸ்திவாரத்துக்கும் கோபுரத் தூண்களின் அடிக்கும் காங்கிரீட் போட வேண்டிய வாரத்தில் ஆற்று மணல் போதவில்லை. அடுத்த கப்பல் எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது. ரசமட்டம் அதைத் தேடிக்கொண்டு பெரிய தீவுக்குப் போனார். தான் வரும்வரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை லிசியாட்டே ஒரு கூடையோடு வேலைக்குப் போனான். அதில் வைசிமாவின் மேட்டிலிருந்து அள்ளிய மணல் இருந்தது. வழியில் அவன் அக்கா லவினியா மறித்தாள்.

"என்னடா இது?"

"பிள்ளை மணல். அஸ்திவாரத்துல போடப் போறேன்."

"அந்த வெள்ளைக்காரர் திட்டுவாரேடா."

"ஒரு கூடை, அக்கா. உசிரோட இருக்கறவங்க நாளைக்குப் பதில் சொல்லிட்டு உள்ள போயிடுவோம். செத்தவங்க எத்தனை வருஷமா வெளிய நிக்கறாங்க? கோவில் எழும்பறப்போ அவங்க முதல்லயே உள்ள இருக்கட்டும்."

லவினியா நேரே போய்த் தன் புருஷன் மேட்டிலிருந்து ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் கூடையோடு வரிசையில் நின்றது. ஒவ்வொரு கூடையும் கலவையில் விழும்போது அந்தந்த வீட்டுக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிஷப்பே தன் தாயாரின் மணலைக் கொண்டுவந்தார். பாடிக்கொண்டே காங்கிரீட் போட்டோம். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமான நாள் இன்னொன்று இல்லை.

ரசமட்டம் திரும்பி வந்தபோது காங்கிரீட் இறுகியிருந்தது. இருக்கிற ஆற்று மணலையே சுரண்டிச் சரிக்கட்டிவிட்டோம் என்று யாரோ சொன்னார்கள். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். மட்டம் அச்சாக நின்றது. லிசியாட்டேவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கட்டி முடிக்க ஆறேழு வருடம் ஆயிற்று. பிரதிஷ்டைக்கு முன்னால் சில நாள், சபைக்காரர் அல்லாதவர் உட்பட யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று திறந்துவைப்பார்கள். நானும் லிசியாட்டேவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். பிணைப்பு நடக்கிற அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய கண்ணாடிகள் உண்டு. நடுவில் நின்று பார்த்தால் உன் உருவம் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடியில் எத்தனை லிசியாட்டே, எத்தனை கலோலைனே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அடுத்த மாசம் நடுவுல வைசிமா பேர்ல ஒரு குட்டியும் நிக்கும்" என்று அவன் காதில் சொன்னேன்.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சுவர் தரையைத் தொடுகிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கசிவு. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். நிமிர்ந்தவன் அந்த விரலை வெள்ளைச் சட்டையில் துடைத்தான்.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல. வா போகலாம்."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விரிசல்கள் தூண்களிலும் தெரிந்தன. வெளிநாட்டிலிருந்து பொறியாளர்கள் வந்து துளைபோட்டுப் பார்த்தார்கள். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, காங்கிரீட்டை உடைத்துக்கொண்டிருந்தது. உப்பு. பிரதிஷ்டையைத் தள்ளிவைத்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கட்டடத்தில் மக்களை உட்காரவைக்க முடியாது, இடித்துக் கட்டுகிற யோசனையும் இப்போதைக்கு இல்லை என்று மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தைச் சபைக் கூடத்தில் படித்தார்கள்.

ரசமட்டம் முன்வரிசையில் இருந்தார். அந்த ஆறேழு வருடத்தில் தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. எழுந்து நின்று, "அந்த மணல் எங்கிருந்து வந்தது? கோபமில்லை, எனக்குத் தெரிந்தால் போதும்" என்று கேட்டார். ஊரே குனிந்து உட்கார்ந்திருந்தது. லிசியாட்டே எழுந்தான்.

"என் மகளோட மேட்டுலேருந்து. முதல் கூடை என்னோடது" என்றான்.

அந்த மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் ஆட்கள் யாரும் லிசியாட்டேவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருடைய கூடையும்தானே விழுந்தது. வாசலில் கைகொடுத்துவிட்டுத்தான் போனார்கள். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் புருஷன் பிழைத்திருப்பான்.

மறுநாள் சிகரெட் வாங்கினான். கோவில் படியில் உட்கார்ந்து ஊதினான். ஊரில் யாராவது செத்து ஊர்வலம் அந்த வழியாகப் போனால், சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து நிற்பான். கட்டு விழாமல் போகிற இன்னொருத்தர் என்று கணக்கு வைத்திருந்தானோ என்னவோ. லவினியா மறுபடி பன்றி வளர்க்க ஆரம்பித்தாள், எங்களை நியூசிலாந்துக்கு அனுப்ப. நான் அவனிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒருநாள் அந்தப் படியிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"சிகரெட்டை விடு. பிஷப்பைப் பாரு. போய்ட்டு வந்துடலாம்."

"ஊர் முழுக்க என்னால வெளிய நிக்குது. நான் மட்டும் பின்வாசல் வழியா நுழையணுமா?"

"ஊரை விடு. வைசிமா வெளிய நிக்கறாளே, அது உறைக்கலையா?"

"அவ மண்ணை எடுத்துட்டுப் போய் தேவனோட வீட்டு அடியில வெச்சேன். வேண்டாம்னுட்டார்."

"அது உப்பு, லிசி. உப்பும் இரும்பும். ரசமட்டம் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நாம கேக்கல. இதுல தேவன் எங்க வந்தாரு?"

"கடல்ல உப்பைப் போட்டது யாரு, ரசமட்டமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி எறிந்தேன். "சரி, வராதே. நீ செத்தப்புறம் உன் பேர்ல வேற ஒருத்தனை நிக்கவெச்சு முடிச்சுக்கறேன். அதுக்கு நீ சிகரெட்டை விடவேண்டாம், பிஷப்பைப் பாக்க வேண்டாம். என்ன செய்வே?"

சும்மா சொன்னதில்லை. எங்கள் சபையில் அது உண்டு. செத்தவர்களுக்காக உயிரோடிருக்கும் ஒருவர் நின்று எல்லாச் சடங்கையும் செய்யலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனையும் உண்டு, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இங்கே செய்வது அங்கே போய்ச் சேரும். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது செத்தவர் இஷ்டம். யாரையும் வலுக்கட்டாயமாகப் பிணைக்க முடியாது.

லிசியாட்டே புதுசாக ஒரு சிகரெட் எடுத்துப் பற்றவைத்தான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"செஞ்சுக்கோ. அங்க என்னைக் கேப்பாங்க இல்ல? வேண்டாம்னு சொல்லிடுவேன்."

நான் பிறகு எத்தனையோ தடவை அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன், பேசாமல் இருந்தேன். நெஞ்சு கெட்டுப்போய் அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த கடைசி நாட்களிலும் கேட்டேன்.

"சரின்னு சொல்லுவேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. எனக்காக."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சிமென்ட் தின்ற கை, கடைசிவரை சொரசொரப்புப் போகவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பொய் சொல்லிட்டுச் சாகச் சொல்றியா, கலோ?" என்றான்.

எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டில் முதல் இடம் செத்தவனின் மூத்த சகோதரிக்கு. வந்த பாய்களும் பன்றிகளும் எல்லாம் லவினியாவுக்குத்தான் சேர்ந்தன. அவள் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விற்றுக் கப்பல் செலவாக்கி, ஒரு வருடம் கழிந்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"கிளம்பு. போய் அவனைக் கட்டி இழுத்துட்டு வா."

அவன் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"சின்ன வயசுல மருந்தும் வேண்டாம்னுதான் சொல்லுவான். நான் மூக்கைப் பிடிச்சு ஊத்துவேன். நீயும் ஊத்து."

"இது மூக்கைப் பிடிக்கிற விஷயமா, அண்ணி?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா?" என்று கத்தினாள். போனேன்.

நியூசிலாந்துக் கோவிலில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள். எனக்கான சடங்குகளை முடித்தேன். லிசியாட்டேவுக்காக நிற்க ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், சிவந்த முகம், கூச்ச சுபாவம். அவன் பேரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார். வைசிமாவுக்காக ஒரு சிறுமி வந்தாள். அவர்கள் அறையிலும் எதிரெதிராகக் கண்ணாடிகள் இருந்தன.

மண்டியிட்டோம். வாத்தியாரின் கையைப் பிடித்தேன். பூப்போல இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். நான் ஆம் என்றேன். அவரும் லிசியாட்டேவுக்காக ஆம் என்றார், அழகாக, அழுத்தமாக. சிறுமியும் வந்து எங்கள் கைமேல் தன் கையை வைத்தாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். நான், யாரோ ஒரு மனிதர், யாரோ ஒரு பிள்ளை. நாங்கள் மூன்று பேரும் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம்.

வெளியே வந்ததும் அந்தச் சிறுமி கேட்டாள், "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"நாலு."

"ஐயோ, என்னைவிடச் சின்னவ" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியபோது லவினியா துறைக்கு வந்திருந்தாள். என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். கோவிலைத் தாண்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்ன சொன்னான்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த வாத்தியார் ஆம்னு சொன்னாரு, அண்ணி" என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் நான்தான் மணல் சுமக்கிறேன். இரண்டு மேட்டுக்கும். மணலைக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். என் பேத்தி வயதுள்ள பெண்கள் வந்து, பாட்டி, நீங்கள் பாக்கியசாலி, உங்கள் குடும்பத்துக்கு முடிச்சு விழுந்துவிட்டது என்பார்கள். பிஷப்பும் பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டுகிறார். நான் சிரித்துக்கொள்வேன். லவினியா மட்டும் சிரிப்பதில்லை. அவன் அங்கே போய் மனசு மாறியிருப்பான், வைசிமாவைப் பார்த்ததும் உருகியிருப்பான் என்று எனக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சொல்லட்டும். அவளுக்கும் வயதாகிறது.

ஆனால் அவனோடு குடித்தனம் செய்தவள் நான். லிசியாட்டே ஒரு வார்த்தை சொன்னால் மாறமாட்டான். அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன்.